பழைய கார் ஜிபிஎஸ்ஸை வைத்து ஜியோகேச்சிங் தொடங்கலாமா?

பெங்களூர் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். வீட்டு அலமாரியில் பழைய கார் ஜிபிஎஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. பத்து வயது மகனோடு சனி, ஞாயிறுகளில் ஜியோகேச்சிங் பழக ஆசை; யாரோ ஒளித்துவைத்த பெட்டியை, அது இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. பையன் கையில் கைப்பேசியைக் கொடுக்க மட்டும் மனமில்லை. இந்தக் கருவியே போதுமா, அல்லது இதற்கென்றே விற்கும் கைக்கருவியை வாங்க வேண்டுமா? வாங்குவதா வேண்டாமா என்பது கேள்வியின் வெளித்தோற்றம். சாலையில் கார் ஓட்டுபவருக்காகச் செய்யப்பட்ட ஒரு கருவி, காரை விட்டு இறங்கி மரத்தடிக்கு நடந்து போகிறவருக்கு எதுவரை துணை வரும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

தொடங்கலாம், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஆனால் கடைசி 50 மீட்டரில் கருவியின் அம்புக்குறியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அது காட்டும் எண்களைப் பார்த்து நடக்கப் பழக வேண்டும். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நில அளவைத் தொழிலில் இருப்பவன். ஜியோகேச்சிங் எனக்கு ஓய்வு நாள் விளையாட்டு மட்டுமே. ஆகவே செயற்கைக்கோள் அளவீட்டைப் பற்றி நான் சொல்வதைத் தொழிலறிவாகவும், ஒளித்துவைத்த டப்பாவைத் தேடுவதைப் பற்றிச் சொல்வதை ஒரு பொழுதுபோக்காளனின் அனுபவமாகவும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த விளையாட்டு பிறந்த கதையே உங்கள் கேள்விக்குப் பாதி விடை. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் இருப்பிடம் 100 மீட்டர் வரை தவறிக் காட்டும். மே 2-ஆம் தேதி அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், கவண், பீன்ஸ் டின் போன்றவற்றைப் போட்டு ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இணையக் குழு ஒன்றில் வெளியிட்டார். சில நாட்களுக்குள் அதை ஆட்கள் தேடி எடுத்துவிட்டார்கள். செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்கும் பகுதிக்கு ஏற்பி என்று பெயர்; அன்று அவர்களிடம் இருந்த ஏற்பிகளைவிட உங்கள் அலமாரியில் இருக்கும் கருவியின் ஏற்பி பெரும்பாலும் மேலானதாகவே இருக்கும். திறந்த வானத்தின் கீழே ஒரு சாதாரணக் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. கார் கருவியும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் நிற்கிறது. எல்லாம் கேட்பது அதே செயற்கைக்கோள்களின் குரலைத்தான்.

அப்படியானால் கார் கருவி எங்கே இடறுகிறது? அதன் ஏற்பியில் குறையில்லை. அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் மென்பொருள்தான் இடறுகிறது. அந்த மென்பொருள் நீங்கள் ஒரு காருக்குள் இருக்கிறீர்கள், கார் ஒரு சாலைமேல் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறது. இந்த நம்பிக்கையிலிருந்து மூன்று தொல்லைகள் கிளைக்கின்றன. முதலாவது, உங்கள் இருப்பிடத்தை இழுத்துப் பக்கத்துச் சாலையின் கோட்டின்மேல் வைத்துவிடும். கப்பன் பூங்காவுக்குள் 30 மீட்டர் நடந்து போன பிறகும் திரையில் இருக்கும் குட்டிக் கார் கஸ்தூர்பா சாலையிலேயே நின்றுகொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பெட்டி பூங்காவுக்குள் இருந்தால், அதற்கு அருகில் செல்லும் சாலையோரத்தில் உங்களை நிறுத்தி, சேருமிடம் வந்துவிட்டது என்று அறிவித்துவிட்டுக் கருவி ஓய்வெடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது தொல்லை பலருக்குத் தெரியாதது. எனக்கும் தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததுதான். சில்க் போர்டு சிக்னலில் கால் மணி நேரம் நிற்கும் காரின் புள்ளி திரையில் இங்குமங்கும் ஊர்ந்துகொண்டிருந்தால் ஓட்டுநருக்கு எரிச்சலாக இருக்கும் என்பதற்காக, வேகம் மிகவும் குறைந்ததும் இருப்பிடத்தை அப்படியே உறையவைக்கும் ஏற்பாடு பல கார் ஏற்பிகளில் உண்டு. தேடுகிறவர் பெட்டியை நெருங்க நெருங்கத் தன்னையறியாமல் மெதுவாக நடப்பார். அந்த நேரம் பார்த்து எண்கள் நின்றுவிடும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துவிட்டுத் திரும்ப இயக்கியது உண்டு. தீர்வு எளிது: எண்கள் அசையாமல் இருந்தால், இருபது முப்பது மீட்டர் பின்வாங்கி, விறுவிறுவென்று நேர்கோட்டில் நடந்து வந்து, நடையின் நடுவிலேயே எண்ணைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, கார் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் காந்தத் திசைகாட்டி கிடையாது. ஒரு நொடி முன்பு இருந்த இடத்தையும் இப்போது இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டுத்தான் அது திசையைக் கணிக்கிறது. கார் ஓடும்போது இந்தக் கணக்குப் பிசகாது. ஆள் நின்றுவிட்டால் திசை என்ற ஒன்றே அதற்கு இல்லாமல் போகிறது. அம்புக்குறியை நம்பாதீர்கள் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். நின்ற இடத்தில் கருவியைச் சுற்றிச் சுற்றித் திருப்பி அம்பைப் பார்ப்பவர்கள் தட்டாமாலை சுற்றுவதைத் தவிர வேறொன்றும் காண மாட்டார்கள்.

இனி உங்கள் கருவிக்கு வருவோம். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கருவியை எடுத்தவுடன் தேடக் கிளம்பக் கூடாது. முதலில் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் உறை பிதுங்கியிருக்கும், அப்படியிருந்தால் மின்னேற்றம் செய்யாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். பேட்டரி சரியாக இருந்தால், மொட்டை மாடியில் வானம் முழுவதும் தெரியும் இடத்தில் அரை மணி நேரம் அசைக்காமல் வைத்துவிடுங்கள். எந்தச் செயற்கைக்கோள் தோராயமாக எங்கே இருக்கும் என்ற பட்டியல் முழுவதையும் வானத்திலிருந்து இறக்கிக்கொள்ள ஏற்பிக்குப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். இடையில் தடைப்பட்டால் அதைவிடக் கூடுதலாக ஆகும். தேதி பத்தொன்பது இருபது ஆண்டுகள் பின்தங்கிக் காட்டினால் திகைக்க வேண்டாம். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி அப்படித் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகளில் அதன்பின் நாள்காட்டி குழம்பிப்போனாலும், இருப்பிடக் கணக்கு பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. உங்கள் வீட்டு மாடியில் அது காட்டும் எண்ணையும், கணினி வரைபடத்தில் அதே மாடியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆயத்தொலைவுகளை உள்ளிடுவது. தொடக்கக்காரர்கள் தோற்பதில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது என்பது என் கணிப்பு. ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஜியோகேச்சிங்கில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகை, அதன்பின் தசமத்தோடு கூடிய நிமிடம் என்ற வடிவில் தரப்படும். கப்பன் பூங்காவுக்குள் ஒரு பெட்டி இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, வடக்கு 12 பாகை 58.512 நிமிடம், கிழக்கு 77 பாகை 35.640 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கருவி பாகை, நிமிடம், விநாடி என்ற வடிவில் அமைக்கப்பட்டிருந்து, நீங்கள் 58.512-ஐ 58 நிமிடம் 51.2 விநாடி என்று தட்டிவிட்டால், இலக்கு சுமார் 630 மீட்டர் வடக்கே போய்விடும். பூங்காவில் புதரைக் கிளற வேண்டிய நீங்கள் சட்டமன்றம் இருக்கும் விதான சௌதாவின் அக்கம்பக்கத்தில், காவலர்களின் கண் முன்னால் கிளறிக்கொண்டிருப்பீர்கள். தீர்க்கரேகையில் அதே தவற்றைச் செய்தால் 64 விநாடி என்று வரும். அப்படி ஒரு விநாடி இல்லாததால் கருவி மறுத்துவிடக்கூடும். அந்த மறுப்பை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். தசமப் பாகை வடிவில் 12.58512 என்று தட்டினாலோ, கருவி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு உங்களை 43 கிலோமீட்டர் தெற்கே அனுப்பும். அமைப்புப் பக்கத்தில் வடிவத்தை மாற்றிவிட்டுத் தட்டுவதே நல்லது. மாற்ற வழியில்லாத கருவியானால், தசமப் பாகைக்கு நிமிடத்தை 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். பத்து வயதுப் பையனுக்கு இந்த வகுத்தல் கணக்கு நல்ல பயிற்சி.

கருவியில் வரைபட ஆதாரம் என்று, எண்கள் எந்தக் கணிப்பின்படி தரப்படுகின்றன என்பதைக் குறிக்கும் ஒரு தெரிவு இருந்து, அதில் இந்தியாவின் பெயரும் கண்ணில் பட்டால், நம் ஊர்தானே என்று அதைத் தேர்ந்துவிடாதீர்கள். அது டோப்போஷீட் எனப்படும் பழைய நில வரைபடங்களுக்கு உரிய எவரெஸ்ட் கணிப்பு. ஜியோகேச்சிங் எண்கள் அனைத்தும் உலகப் பொதுக் கணிப்பான டபிள்யூஜிஎஸ் 84-இல் தரப்படுபவை. இரண்டுக்கும் இடையே நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் விலகல் வரும். பெரும்பாலான கார் கருவிகளில் இந்தத் தெரிவே இருக்காது, அது நல்லதுதான்.

கார் ஓடும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது கருவியின் சொந்தத் தொழில். ஆனால் பெட்டியின் ஆயத்தொலைவை நேரே சேருமிடமாகக் கொடுக்காமல், வண்டி நிறுத்தும் இடத்தைச் சேருமிடமாகக் கொடுங்கள். ஒளித்துவைத்த பெட்டியைக் கேச் என்பார்கள்; இணையத்தில் பல கேச்களின் பக்கங்களில் அந்த இடத்தின் எண்ணும் தனியே தரப்பட்டிருக்கும். நேரே பெட்டியைக் கொடுத்தால், லால்பாக் போன்ற இடத்தில் வாயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல், சுற்றுச்சுவருக்கு வெளியே மிக அருகில் செல்லும் சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பழைய வரைபடத்தில் நம் நகரத்தின் ஒருவழிப் பாதைகளும் மேம்பாலங்களும் சரியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே உங்கள் கண்ணும் சாலைப் பலகையுமே அதிகாரம். எண்களுக்கு அப்படி வயதாவதில்லை. தொழில்காரனின் திருப்திக்காக ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்: இந்தியத் தட்டு ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருப்பதால், 2000-இல் இங்கே அளந்த ஒரு புள்ளி இன்று ஒரு மீட்டருக்கு மேல் இடம் மாறியிருக்கிறது. டப்பா தேடுபவருக்கு அது பொருட்டில்லை.

வண்டியை நிறுத்தியதும் இரண்டு வேலைகள் செய்யுங்கள். வழிகாட்டும் முறையை, உங்கள் கருவியில் இருந்தால், ஆஃப் ரோடு அல்லது நடைப்பயணம் என்பதற்கு மாற்றுங்கள். சாலைமேல் இழுத்து வைக்கும் பழக்கம் அப்போது விடுபடும் அல்லது தளரும். பிறகு செயற்கைக்கோள் தகவல் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். கார்மின் நூவி வகைக் கருவிகள் பலவற்றில் திரையின் மூலையில் இருக்கும் சமிக்ஞைக் கோடுகளை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்தப் பக்கம் வரும். பிற நிறுவனக் கருவிகளில் அமைப்புகளுக்குள் தேட வேண்டியிருக்கும். அந்தப் பக்கத்தில் உங்கள் ஆயத்தொலைவு எண்களும், பெரும்பாலும் மீட்டரில் ஒரு துல்லிய மதிப்பும் தெரியும். பல கருவிகளில் இந்தப் பக்கத்து எண்கள் சாலைக்கு இழுக்கப்படாத நேரடி அளவீடு. உங்களுடையதும் அப்படியா என்பதைக் கருவியைக் கையில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. சாலையிலிருந்து நாற்பது அடி உள்ளே நடந்து, எண் மாறுகிறதா என்று பார்த்தால் விளங்கிவிடும்.

இப்போது எண்ணை வைத்து நடக்கும் முறை. பெங்களூர் இருக்கும் அட்சரேகையில், நிமிடத்தின் மூன்றாம் தசம இடத்தில் ஓர் எண் மாறினால் வடக்கு தெற்காக 1.84 மீட்டர், கிழக்கு மேற்காக 1.81 மீட்டர். இரண்டையும் 1.8 என்று வைத்துக்கொண்டால் போதும். பையனுக்கு அது மூன்று காலடி. மேலே சொன்ன கற்பனைப் பெட்டியைத் தேடும்போது உங்கள் திரை வடக்கு 58.498, கிழக்கு 35.655 என்று காட்டுகிறது என்போம். வடக்கில் 14 எண் குறைகிறது. ஆகவே வடக்கே 26 மீட்டர் போக வேண்டும். கிழக்கில் 15 எண் கூடியிருக்கிறது. ஆகவே மேற்கே 27 மீட்டர் போக வேண்டும். முதலில் வடக்கெண் சரியாகும் வரை வடக்கு நோக்கி நடந்து, பிறகு திரும்பி மேற்கே நடந்தால் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். திசை தெரிய ஒரு சாதாரணக் காந்த ஊசித் திசைகாட்டி போதும். அதுவும் இல்லையென்றால் காலை வெயிலில் நிழல் விழும் பக்கம் மேற்கு என்று தோராயமாக வைத்துக்கொண்டு, எண் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அம்பைப் பின்தொடர்பவருக்கு அம்பு மட்டுமே தெரியும். இப்படி இரண்டு மூன்று பெட்டிகளைத் தேடிய பையனுக்கு அட்சரேகை என்றால் என்ன என்று பள்ளியில் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது. கைக்கருவி இருந்தும் நான் சில வேளை இந்த முறையில் நடப்பதுண்டு.

எண்கள் இரண்டும் பொருந்திய இடத்தில் பெட்டி இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒளித்துவைத்தவரின் கருவிக்கு 5 மீட்டர் பிழை, உங்கள் கருவிக்கு 5 மீட்டர் பிழை என்றால், இரண்டும் சேர்ந்து வழக்கமாக 7 மீட்டர் விலகல் வரும். கெட்ட நாளில் 10 மீட்டரைத் தாண்டும். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். ஒரு பெரிய வீட்டு மனையையே துழாவுவதற்குச் சமம் அது. எனவே பத்து மீட்டருக்குள் வந்ததும் கருவியைப் பையில் போட்டுவிட்டு, கண்ணை வைத்துத் தேட வேண்டும். நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று யோசியுங்கள். இயல்பாக விழுந்தது போல் அல்லாமல் அடுக்கியது போல் தோன்றும் கற்கள், மரப் பொந்தை அடைத்திருக்கும் பட்டை, வேலிக் கம்பியின் உள்பக்கம், பெஞ்சின் அடிப்பக்கம் ஆகியவற்றைப் பார்க்கலாம். மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. தோண்டிப் புதைத்து வைப்பது இந்த விளையாட்டின் விதிகளுக்கே மாறானது. கிடைக்கவில்லை என்றால் 40 மீட்டர் விலகிப்போய், வேறு வேறு பக்கங்களிலிருந்து மூன்று முறை நெருங்கி வந்து, எண்கள் பொருந்தும் இடங்களைக் குச்சியால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று குச்சிகளுக்கு நடுவில் தேடுவது பலன் தரும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. மரங்களின் கீழே கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதில் உறுதி தர முடியாது. மேகம் ஜிபிஎஸ்ஸைப் பாதிப்பதில்லை. ஆனால் கப்பன் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களைப் போல அடர்ந்து படர்ந்த கூரையும், உயர்ந்த கட்டடங்களின் சுவர்களும், சாவனதுர்காவைப் போன்ற மொட்டைப் பாறையின் முகமும் சமிக்ஞையைத் தடுக்கும், அல்லது திருப்பி எறிந்து நீண்ட பாதையில் அனுப்பும். அங்கே திரை 6 மீட்டர் துல்லியம் என்று காட்டினாலும் உண்மைப் பிழை 20 மீட்டராக இருக்கலாம். அந்த மதிப்பு கருவி தன்னைப் பற்றித் தானே செய்துகொள்ளும் மதிப்பீடு, எதிரொலித்து வந்த சமிக்ஞையை அது எப்போதும் அடையாளம் காண்பதில்லை. நம் நாட்டின் ககன் திருத்தச் சமிக்ஞையைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். விமானங்களுக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்தது அது; அமெரிக்காவின் வாஸ் முறையோடு ஒத்திசைவது. பழைய கார் கருவி அதை எடுத்துக்கொள்ளுமா என்பது அதன் மென்பொருளைப் பொறுத்தது. அமைப்பில் வாஸ் என்று ஒரு தெரிவு இருந்தால் இயக்கிப் பாருங்கள், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஆகவே முதல் சில தேடல்களை இடம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கேச்சுக்கும் கண்டுபிடிக்கும் கடினம், நிலத்தின் கடினம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் தரப்பட்டிருக்கும். இரண்டும் 2-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளவில் மைக்ரோ என்று இருந்தால் அது ஃபிலிம் டப்பா அளவோ அதைவிடச் சிறியதோ. கார் கருவியோடு தொடங்குபவருக்கு அது வேண்டாத சோதனை. ரெகுலர் என்றால் டிபன் டப்பா அளவுக்கோ அதற்கு மேலோ இருக்கும். பையனுக்கு உள்ளே பார்க்கவும் ஏதாவது இருக்கும். கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார் என்பதைப் பக்கத்தில் கட்டாயம் பாருங்கள். மேலை நாடுகளைப் போல நம் ஊரில் கேச்கள் குவிந்து கிடப்பதில்லை. பார்த்துப் பராமரிக்க ஆளில்லாமல் காணாமல் போனவையும் பட்டியலில் இருக்கும். கடைசி மூன்று பேரும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் குறை உங்கள் கருவியில் இல்லை.

பெங்களூரில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பூங்காவில் குனிந்து குனிந்து பெஞ்சின் அடியில் கைவிட்டுப் பார்ப்பவரையும், ஒரு மூலையில் இருந்து டப்பாவை எடுத்துத் திரும்ப வைப்பவரையும் பார்க்கிறவர்கள் சந்தேகப்படுவது இயல்பு. குண்டுவெடிப்புகளைக் கண்ட நகரம் இது. ராணுவ நிலம், எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையின் சுற்றுப்புறம், ரயில் பாதை, மெட்ரோ நிலையம் ஆகியவற்றின் பக்கம் எண்கள் இழுத்தால் அந்தத் தேடலைக் கைவிடுங்கள். காவலாளி யாராவது கேட்டால் மறைக்காமல் கருவியைக் காட்டி, இது ஒரு விளையாட்டு என்று விளக்கிவிடுவதே நல்லது. பையன் கூட இருப்பது உங்களுக்குப் பெரிய சான்றிதழ். ராமநகரம் போன்ற பாறைப் பக்கங்களில் பொந்துக்குள் வெறுங்கையை விடக் கூடாது. முதலில் குச்சி, பிறகு டார்ச், அதன்பிறகே கை. தேளும் பாம்பும் அங்கே நமக்கு முன்பிருந்தே குடியிருப்பவை.

கருவியைப் பற்றி மீதமிருப்பவை சிறியவைதான். கார் மின்சாரத்தை நம்பிச் செய்யப்பட்டது என்பதால் அதன் பேட்டரி தனித்து நின்றால் ஓரிரு மணி நேரத்துக்கே தாக்குப்பிடிக்கும்; பழைய பேட்டரியானால் இன்னும் குறைவு. காரில் முழுவதும் மின்னேற்றிக்கொண்டு இறங்கி, சிறிய பவர் பேங்க் ஒன்றைப் பையில் வையுங்கள். மழைக்குத் தாங்காது, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டே தொடுதிரையை இயக்கலாம். டாஷ்போர்டோடு பதிக்கப்பட்ட வழிகாட்டியாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது வண்டி நிறுத்தும் இடம் வரைதான். பத்து இருபது கேச்களை ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், கார்மின் கருவிகளுக்கு அந்த நிறுவனமே தரும் பிஓஐ லோடர் என்ற இலவச மென்பொருளால் கேச்களின் ஆயத்தொலைவுகள் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்புகளை ஏற்றலாம். தொடக்கத்தில் ஒன்றிரண்டைக் கையால் தட்டுவதே போதும்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்துப் பெட்டிகளைத் தேடிய பிறகும் பையனின் ஆர்வம் குறையாமல் இருந்தால், அப்போது கைக்கருவியைப் பற்றி யோசிக்கலாம்; நிற்கும்போதும் திசை காட்டும் மின்னணுத் திசைகாட்டி, தண்ணீர் புகாத உறை, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி ஆகிய மூன்றுக்காகத்தான் அந்தப் பணம். உங்கள் கைப்பேசியிடம் அந்தத் திசைகாட்டியும், கார் கருவியைவிடக் கூடுதலான செயற்கைக்கோள்களைக் கேட்கும் ஏற்பியும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பையனிடம் கொடுக்காமல் உங்கள் பையிலேயே அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைக்கருவி வாங்கும்போது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி உள்ள மாடல்களைத் தவிருங்கள். துரையா, இரிடியம் வகைத் தொடர்புக் கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அன்போடு வாங்கி வந்தாலும் விமான நிலையத்திலேயே சிக்கல் வரும். இந்த வாரம் மொட்டை மாடிச் சோதனையைச் செய்துவிட்டு, திரையில் வந்த எண்ணையும் கருவியின் மாடல் பெயரையும் இங்கேயே எழுதுங்கள். சாலைக்கு இழுக்கும் பழக்கத்தை அதில் எங்கே அணைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.